பகல் பன்னிரண்டு வரை ஒழுங்காக இருந்த ஊர்

நகர சபை அலுவலகத்தில் இருபத்து நான்கு வருடமாக எழுத்தராக இருக்கும் அந்த மனிதரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூணு காப்பி என்றால்தான் தெரியும். எதை எழுதினாலும் மூன்று பிரதி எடுப்பார். ஒன்று மேலிடத்துக்கு, ஒன்று கோப்புக்கு, மூன்றாவது "எதுக்கும் இருக்கட்டும்" என்று. வீட்டில் பால்காரருக்கு எழுதி வைக்கும் துண்டுச் சீட்டுக்குக்கூட மூன்று பிரதி உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு. அது சுத்தப் பொய். இரண்டுதான்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அந்த அம்மாளுக்குப் பட்டப்பெயர் கிடையாது, வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. குரல் அப்படி. வகுப்பில் அவர் வாய்பாடு சொன்னால் எதிர்ப்புறத்து சைக்கிள் கடைக்காரர் கூடவே சொல்லிக்கொண்டு பஞ்சர் ஒட்டுவார். வீட்டில் கணவரைத் திட்டினால் நாலு வீடு தள்ளி இருக்கும் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைப் பார்த்து, "கேட்டுக்கோங்க, உங்களுக்கும்தான்" என்பார்கள். ஒருவர் திட்டு வாங்க, தெருவே திருந்திக்கொண்டிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நம் எழுத்தரும் அதை ஒரு குறையாக நினைத்தவர் இல்லை. திட்டு முடிந்ததும், "வேற ஏதாவது விட்டுப் போச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் அணை வந்து விழுந்தது.

ஊருக்கு மேலே ஆற்றின் குறுக்கே அரசு பெரிய அணை கட்டத் தொடங்கியது. எங்கோ இருக்கிற பெரிய நகரத்துக்குக் குடிநீராம். நம் ஊருக்கு என்ன என்று கேட்டதற்கு, "நம்ம ஊர் வழியாத்தானே லாரியெல்லாம் போகப்போகுது!" என்று நகர சபைத் தலைவர் மார்தட்டிக்கொண்டார். போனது. ஒரு நாளைக்கு இருநூறு லாரி. சாலை பல் விழுந்த வாய் மாதிரி ஆனது. வேலைக்கு வந்த குடும்பங்களால் ஒரே வருடத்தில் ஊர் இரண்டு மடங்கு பெருத்தது. ஆனால் குப்பை வண்டி அதே ஒன்று. தண்ணீர்த் தொட்டி அதே ஒன்று. பள்ளிக்கூடத்தில் அறைகள் அதே ஐந்து. டீச்சரின் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்த இடத்தில் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள்.

வந்த பிள்ளைகள் மேல் டீச்சருக்குக் கோபமே இல்லை. "அதுங்க என்ன பண்ணும், அப்பா அம்மா போற இடத்துக்குத்தானே வரும்" என்பார். நாற்பது பேருக்குக் கத்திய தொண்டை தொண்ணூற்று நான்கு பேருக்குக் கத்தியது. வெளியே லாரிச் சத்தம், அதற்கு மேலேயும் கத்தியது. பத்து மாதம் தாங்கியது. ஒரு திங்கட்கிழமை காலை ஏழாம் வாய்பாட்டின் நடுவில் குரல் நின்றுபோனது. வாய் மட்டும் அசைந்தது. பிள்ளைகள் இது ஏதோ புது விளையாட்டு என்று கை தட்டின.

தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு மாசம் வாயே திறக்கக்கூடாது டீச்சர். மறுபடி இதே மாதிரி கத்தினீங்கன்னா, குரலை மறந்துட வேண்டியதுதான்."

ரெண்டு மாதம் லீவு போட்டால் வகுப்பை யார் பார்ப்பது? மாற்று டீச்சர் கிடையாது. தலைமை ஆசிரியர் கையைப் பிசைந்தார். டீச்சர் மறுநாளே ஒரு மரஸ்கேலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். மேசையைத் தட்டித் தட்டி ஓட்டினார். ஆனாலும் யாராவது ஒரு பிள்ளை ஜன்னலில் ஏறினால் தன்னை மறந்து கத்திவிடுவார். அன்றைக்குச் சாயங்காலம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவார்.

வீட்டில் சிலேட்டும் பல்பமும்தான். திட்டுகளெல்லாம் எழுத்தில் வந்தன. "ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதீங்க என்று எத்தனை தடவை" வரைக்கும் எழுதுவதற்குள் சிலேட்டில் இடம் தீர்ந்துவிடும். மீதியை அழித்துவிட்டு எழுத வேண்டும். அதற்குள் டீச்சருக்குக் கோபமே ஆறிவிடும். நம் எழுத்தர் சிலேட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பார். இருபத்திரண்டு வருடம் காது கிழியக் கேட்ட குரல் இல்லாமல் அந்த வீடு அவருக்கு வேறு யாருடைய வீடோ போல இருந்தது.

"எப்படியாவது உனக்கு ரெண்டு மாசம் லீவு வாங்கித் தர்றேன் பாரு" என்றார். டீச்சர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "கிழிச்சீங்க."

அந்த நேரத்தில்தான் அரசுக்குப் புத்தி வந்தது. பெரிய நீர்க் கட்டுமானப் பணிகளால் சுமைக்கு உள்ளான உள்ளாட்சிகளுக்கு அரசு உதவித் திட்டம் என்று ஒரு உத்தரவு வந்தது. ஜனம் பெருத்த ஊருக்குக் கூடுதல் வகுப்பறை, கூடுதல் ஆசிரியர், தண்ணீர் லாரி, குப்பை வண்டி, சாலை என்று எல்லாம் உண்டு. நம்மவர் அதை மூன்று தடவை படித்தார். கூடுதல் ஆசிரியர் என்ற இடத்தில் மட்டும் ஏழு தடவை.

விண்ணப்பம் நாற்பத்தோரு பக்கம். வேறு ஆளாக இருந்தால் அதைப் பார்த்தே படுத்திருப்பார். இவருக்கு விருந்து. சாலைக் குழிகள் எத்தனை என்று ஒரு கேள்வி. குடையை எடுத்துக்கொண்டு நடந்தே போய் எண்ணி, இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். தண்ணீர் வரிசையில் எத்தனை குடம், குப்பை எத்தனை நாளைக்கு ஒருமுறை, வகுப்புக்கு எத்தனை பிள்ளை, எல்லாம் நேரில் பார்த்துத் தப்பில்லாமல் எழுதினார். கடைசிப் பக்கத்தில் 'ஆய்வு அதிகாரி நேரில் கண்டவை' என்று ஒரு கட்டம். அதை அதிகாரி வந்து நிரப்ப வேண்டும். அவர் என்ன எழுதுகிறாரோ அதுதான் தீர்ப்பு.

பத்து நாளில் பதில் வந்தது. வருகிற வியாழக்கிழமை ஆய்வு அதிகாரி காலை ஒன்பது மணிக்கு வருகிறார், பகல் பன்னிரண்டுக்குப் புறப்படுகிறார்.

இங்கேதான் மனிதர் சறுக்கினார். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. இருபத்து நான்கு வருடமாக எந்த அதிகாரி வந்தாலும் ஊருக்கு ஒரு சுற்றறிக்கை போகும். அதன் வாசகம் அவருக்குத் தூக்கத்திலும் வரும். சாலைக் குழிகளை மூடவும். குப்பையைச் சந்தைக்குப் பின்னால் தள்ளவும். தண்ணீர்க் குழாயடியில் கூட்டம் சேராமல் பார்க்கவும். கனரக வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தவும். ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கு மேல் உட்கார வைக்காதிருக்கவும், மீதிப் பிள்ளைகளைப் பிறகு வரச் சொல்லவும். அதிகாரி வருகிறார் என்ற வரியைக் கண் படித்தது, கை தட்டச்சு மிஷினை இழுத்துப் போட்டது. இந்த அதிகாரி எதைப் பார்க்க வருகிறார் என்பதைக் கையிடம் யாரும் சொல்லவில்லை. தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். "மூணு காப்பி எழுதினா அதுல ஒரு தப்பு இருக்காதுய்யா."

சுற்றறிக்கையை அனுப்பிய கையோடு நம்மவர் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டார். மக்கள் தொகைச் சான்றிதழ் வேண்டுமே. மூன்று நாள் அங்கே ஒவ்வொரு ஜன்னலாக நின்று, வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் வந்து படுத்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவருக்குப் பத்தடி போனதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. சைக்கிள் குலுங்கவில்லை. இறங்கிப் பார்த்தார். சாலை தாம்பாளம் மாதிரி இருந்தது. தூரத்தில் சாலை மேஸ்திரி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றிருந்தார்.

"மேஸ்திரி, குழியெல்லாம் எங்க?"

"மூடியாச்சு சார்! இருநூத்திப் பன்னெண்டு. ஒண்ணு விடலை."

"ஐயையோ! யாருய்யா மூடச் சொன்னது?"

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். "நீங்கதான் சார்."

நம்மவர் படித்தார். சாலையோரமாகவே உட்கார்ந்துவிட்டார். பிறகு துள்ளி எழுந்தார்.

"சரி, திரும்பத் தோண்டுங்க. சீக்கிரம், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"தோண்டறதுக்கு ஆர்டர் இல்லையே சார்."

"நான்தான் சொல்றேனே!"

"பேப்பர் இல்லாம மண்வெட்டியைத் தொடாதேன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க? சார் டெஸ்ட் பண்றீங்களா என்னை?" மேஸ்திரி சிரித்தார். அவரை அசைக்க முடியவில்லை.

அலுவலகத்துக்கு ஓடினார். வழியில் குப்பையைக் காணோம், குடத்தைக் காணோம், ஒரு லாரியைக் காணோம். தலைவர் புதுச்சட்டையில் வாசலில் நின்றுகொண்டு ஊரைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாய்யா, ஊரு எப்படி ஜொலிக்குது!"

"தலைவரே, நாம கஷ்டத்தைக் காட்டித்தானே உதவி வாங்கணும்? எல்லாத்தையும் மறைச்சுட்டோமே!"

தலைவர் முகம் கொஞ்ச நேரம் யோசித்தது. "அது சரிதான். ஆனா ஒரு பெரிய அதிகாரி வர்ற நேரத்துல குப்பையும் குழியுமா நிக்க முடியுமா? மானம் போயிடாது?"

இதுதான் இந்த ஊரின் வியாதி. ஒன்றுமில்லை என்று மனு எழுதுவார்கள். பார்க்க ஆள் வந்தால் எல்லாம் இருக்கிறது என்று காட்டுவார்கள். பிறகு ஒன்றும் வரவில்லை என்று அடுத்த மனு எழுதுவார்கள்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும் பெண்மணி. தூசி படிந்த செருப்பு, தோளில் கனத்த பை, முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது. சாலையில் நடந்தார், எழுதினார். குழாயடியைப் பார்த்தார், எழுதினார். சந்தைக்கு முன்னால் நின்றார், எழுதினார். அவர் பேனா ஒவ்வொரு முறை அசைந்தபோதும் நம்மவருக்குப் பல்லைப் பிடுங்குவது போல இருந்தது.

கடைசியாகப் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பு.

உள்ளே எட்டிப் பார்த்த நம்மவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்பதே நாற்பது பிள்ளைகள், நாலு வரிசையில். சத்தமே இல்லை. டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதி, விரலால் ஒரு பிள்ளையைக் காட்டினார். அது எழுந்து விடை சொன்னது. டீச்சர் தலையாட்டிச் சிரித்தார். பத்து மாதமாக அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நம்மவர் பார்க்கவில்லை. இவளுக்கு வேண்டியது இவ்வளவுதானே, இதைக் கொடுக்க முடியாமல் நான் என்ன பெரிய எழுத்தன் என்று நினைத்தார். இதை இப்போது நாமே வாயைத் திறந்து கெடுக்க வேண்டுமே என்று இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒரு வகுப்பு, நாப்பது பிள்ளைகள்" என்று முணுமுணுத்துக்கொண்டே அதிகாரி எழுதப் போனார். "விண்ணப்பத்துல தொண்ணூத்தி நாலுன்னு இருக்கு. எதை நம்பறது?"

"மேடம், எழுதாதீங்க. இது பொய்" என்றார் நம்மவர்.

தலைவர் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கிள்ளினார்.

"எது பொய்?"

"ரோடு பொய், குழாயடி பொய், இந்த வகுப்பும் பொய் மேடம். எல்லாம் நான் சுற்றறிக்கை விட்டு ஏற்பாடு பண்ணினது." பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். தலைமை எழுத்தர் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. இந்தக் காகிதம் மேலே போனால் அது போச்சு. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதிகாரி படித்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்த மாசம் பதினோரு ஊர் பாத்துட்டேன். போன வாரம் ஒரு ஊர்ல எனக்குக் காட்டறதுக்காக ஆள் வெச்சுக் குழி வெட்டியிருந்தாங்க. இன்னொரு ஊர்ல குடத்தை வாடகைக்கு எடுத்து வரிசையா அடுக்கியிருந்தாங்க. இருக்கிற கஷ்டத்தை மறைச்சோம்னு சொல்ற முதல் ஊர் நீங்கதான். இது புது டெக்னிக்கா?"

"சத்தியமா இல்லை மேடம். பழக்க தோஷம்."

"பழக்க தோஷத்துக்குக் கட்டம் இல்லைங்க. நான் கண்ணால பாத்ததைத்தான் எழுத முடியும்." காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இதையும் எடுத்துட்டுப் போறேன். மெமோ வரும், தயாரா இருங்க."

டீச்சர் வாசல்வரை வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. கணவரை ஒரு பார்வை பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை அது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மணி பதினொன்றே முக்கால். அதிகாரி பள்ளி வாசலில் நின்ற ஜீப்பில் ஏறினார். டிரைவர் கிளப்பினார். நாலடி போனதும் முன்சக்கரம் பொதுக்கென்று தரைக்குள் இறங்கியது. மேஸ்திரி இருநூற்றுப் பன்னிரண்டு குழியையும் மூடியது உண்மைதான். எதைப் போட்டு மூடினார் என்று யாரும் கேட்கவில்லை. வெறும் ஆற்று மண், மேலே தண்ணீர் தெளித்து மட்டப்பலகையால் ஒரு தடவல். காலையில் ஈரம் காயும் வரை தாங்கியது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். பின்சக்கரமும் போனது. தலைவர் புதுச்சட்டையோடு தள்ளினார். சட்டை போனது, ஜீப் அசையவில்லை.

அப்படித் தள்ளிக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு அடித்தது.

சுற்றறிக்கையின் கடைசி வரி: 'மேற்கண்ட ஏற்பாடுகள் பகல் பன்னிரண்டு மணி வரை மட்டும்.' ஊர் எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படிந்தது. ஊருக்கு வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் நின்ற லாரிகள் மொத்தமாகக் கிளம்பி வந்தன. ஜீப் நடுவில் கிடந்ததால் ஒன்றன் பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்தன. ஐந்தே நிமிடத்தில் புழுதியில் எதிராளி முகம் தெரியவில்லை. பெண்கள் குடங்களோடு குழாயடிக்கு ஓடினார்கள். "பன்னெண்டுக்கு மேலதான வரச் சொன்னாங்க, தள்ளு தள்ளு!" சந்தைக்குப் பின்னால் இருந்த குப்பையைத் துப்புரவு ஆட்கள் கடமை தவறாமல் பழைய இடத்திலேயே கொண்டு வந்து கொட்டினார்கள். மீதிப் பிள்ளைகள் ஐம்பத்து நான்கு பேரும் புழுதிக்குள்ளிருந்து பையும் கையுமாக வந்து மூன்றாம் வகுப்புக்குள் பாய்ந்தார்கள்.

இருமிக்கொண்டே அதிகாரியும் அதே கதவுக்குள் ஓடினார். உட்கார இடமில்லை. சுவரோடு ஒட்டி நின்றார். அவர் காலின்மேல் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்தன. டீச்சர் ஸ்கேலால் மேசையைத் தட்டினார். லாரிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. ஒருவன் ஜன்னலில் ஏறினான், வெளிப்பக்கம் லாரி. டீச்சர் பதறிக் கத்த வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது, காற்று மட்டும் வந்தது.

அதிகாரி ஓடிப்போய் அவனை இறக்கினார். இறக்கிய வேகத்தில், "அமைதி!" என்று கத்தினார். ஒருவரும் திரும்பவில்லை. "அமைதீ!" இந்த முறை நாலு பிள்ளைகள் திரும்பின. மூன்றாவது தடவை அவர் குரலே கீச்சென்று உடைந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தன் வெந்நீர்ப் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

"எத்தனை மாசமா இப்படி?" என்று கரகரத்த குரலில் அதிகாரி கேட்டார்.

டீச்சர் பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

அதிகாரி பையைத் திறந்து, நேரில் கண்டவை என்ற கட்டத்தில் முன்பு எழுதியதை அடித்துவிட்டு, சுவரில் காகிதத்தை வைத்துப் புதிதாக எழுதத் தொடங்கினார். கட்டம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினார். ஜீப்பை எடுக்கச் சாயங்காலம் நாலு மணி ஆனது. நம்மவர் போய்க் கையைக் கூப்பினார். "மெமோ கட்டாயம் வருங்க" என்றார் அதிகாரி. ஆனால் இந்த முறை லேசாகச் சிரித்தார்.

சொன்னபடி எல்லாம் வந்தது. ஒரே மாதத்தில் இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள். தண்ணீர் லாரி ஒன்று வந்தது. ஆறு வகுப்பறைகளுக்கு அஸ்திவாரம் தோண்டினார் மேஸ்திரி, முறையான உத்தரவோடு. மெமோவும் வந்தது. பதவி உயர்வு இரண்டு வருடத்துக்குக் கிடையாது. நம்மவர் அதைக் கோப்பில் வைத்துவிட்டு, டீச்சரின் லீவு விண்ணப்பத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளியில் கொடுத்தார்.

ரெண்டு மாதம் டீச்சர் வாயைத் திறக்கவில்லை. அறுபதாவது நாள் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "பேசுங்க" என்றார்.

"வீட்டுக்குப் போலாமாங்க?" என்றார் டீச்சர்.

பக்கத்தில் நின்ற நம்மவருக்கு அது அடுத்த அறையிலிருந்து யாரோ பேசுவது போலக் கேட்டது. மெல்லிசாக, நூல் மாதிரி ஒரு குரல். இவ்வளவுதான் இனிமேல், இதைக் காப்பாத்திக்கோங்க என்று டாக்டர் சொன்னார். டீச்சருக்கு இந்த அளவுக்காவது வந்ததே என்று சந்தோஷம். நம்மவர் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதார். அன்றைக்கு மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. ஆசிரியர்கள் வந்தார்களா, தண்ணீர் வந்ததா, அறைகள் எந்த நிலையில் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார். அவருக்கு எழுத வேண்டியிருந்ததற்குக் கட்டம் இல்லை.

மறுநாள் சாயங்காலம் சமையலறையிலிருந்து டீச்சர் ஏதோ சொன்னார். வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நம்மவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னால் அந்தத் தொண்டைக்கு ஆகாது. எழுந்தார். பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சமையலறை வாசலில், நடக்கிற வழியை அடைத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் கையில் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். "இது என்ன உக்கார்ற இடமா? நான் எப்படிப் போறது, எப்படி வர்றது? அறிவுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு?"

ஒரு சொல் விடாமல் கேட்டது. நம்மவர் காலைக் கொஞ்சம் மடக்கி வழி விட்டார். நாற்காலியை நகர்த்தவில்லை.